பெரியம்மா எழுதுவித்த கருத்து

ஒரு செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் அதைப் பற்றி எழுதும் கருத்துகளை வாசித்து வகை பிரிப்பது என் வேலையின் ஒரு பகுதி. குறை, கோரிக்கை, பாராட்டு என்று மூன்று பெட்டிகள் வைத்திருக்கிறோம். எதற்குள்ளும் அடங்காதவற்றுக்கு நான்காவது பெட்டி ஒன்று உண்டு. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டும் இந்த வேலை எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை. எட்டாம் வகுப்பிலேயே பழகிய வேலை.

அப்போது நாங்கள் மானிப்பாயில் இருந்தோம். அம்மா, அப்பா, அக்கா, நான், அம்மாவின் தமக்கையான பெரியம்மா. பெரியம்மாவுக்கு ஒரு மகன். 'ரியூசன் வகுப்புக்குப் போன அண்ணை திரும்பி வரேல்லை' என்ற ஒரு வாக்கியமாகத்தான் அவரை எனக்குத் தெரியும். அவர் போனபோது நான் பள்ளிக்கூடமே போகத் தொடங்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த அவருடைய படத்துக்கு மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. பக்கத்திலிருந்த, செத்துப்போன அம்மப்பாவின் படத்துக்கு இரண்டும் இருந்தன. எங்கள் வாசல் கேற்றுக்குக் கொழுக்கி உண்டு, பூட்டு இல்லை. ஆடுகள் தள்ளிக்கொண்டு வந்து கத்தரிக் கன்றுகளைத் தின்றுவிட்டுப் போகும். அப்பா கன்றுகளைச் சுற்றி வலை கட்டினாரே தவிர ஒரு பூட்டு வாங்கவில்லை. கடைக்குப் போனால் அவருக்கு மறந்துபோகிறது என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் மாமா கனடாவிலிருந்து ஒரு பழைய போனை அனுப்பியிருந்தார். அம்மா அதைத் தருவதற்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"இங்கிலீஸ் வாசிக்கத்தானே கேக்கிறியள்? அப்ப சத்தமாய் வாசியுங்கோ. வாசிச்சுப்போட்டுத் தமிழிலை சொல்லுங்கோ. எனக்குக் குசினிக்கை கேக்க வேணும்."

இப்படித்தான் ஒரு மாஃபியாத் தலைவனின் மகன் எங்கள் குசினி விறாந்தைக்கு வந்து சேர்ந்தான். அக்காவின் வகுப்பு முழுவதும் ஒரு கதைச் செயலியில் அந்தத் தொடர்கதையைத்தான் வாசித்துக்கொண்டிருந்தது. எழுதியது எந்த நாட்டுப் பெண் என்று யாருக்கும் தெரியாது. கதை நடப்பது அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில். புதிதாக வந்து சேரும் பெடியனுக்கு நீலக் கண், கறுப்பு மோட்டார் சைக்கிள், தகப்பனுக்கு நூறு அடியாட்கள். கதாநாயகிக்குத் தகப்பன் இல்லை. தாய் ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்கிறவள். முதல் அத்தியாயத்தில் தாய் மகளுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள்.

சத்தமாக வாசிப்பதில் ஆபத்தில்லை. தமிழில் சொல்வதில்தான் எல்லா ஆபத்தும். அக்கா அதற்கென்று சில விதிகளை வகுத்து என்னை மனப்பாடம் செய்யவைத்தாள். மாஃபியா என்று வந்தால் 'பெரிய வியாபாரக் குடும்பம்'. முத்தம் என்று வந்தால் 'கைகுடுத்தான்'. துவக்கு, அதாவது துப்பாக்கி, என்று வந்தால் 'ரோச் லைற்'. விதிகளில் எனக்கு இருந்த பிடிப்பு அப்போதே பெரிது. ஒரு இடத்திலும் தவறவில்லை.

அம்மா தாளிக்கிற சத்தத்தில் பாதியைக் கேட்டிருக்கமாட்டார். முழுக்கக் கேட்டது பெரியம்மாதான். வெளிநாட்டிலிருக்கிற சொந்தக்காரருக்குக் கறித்தூள் வறுத்து அனுப்புவது அவருடைய தொழில். பின்நேரங்களில் சுளகு நிறையச் செத்தல் மிளகாயோடு விறாந்தையில் இருந்து காம்பு நுள்ளுவார். கதை கேட்கிற மாதிரியே தெரியாது. திடீரென்று ஒரு கருத்துச் சொல்வார்.

"இவன் என்ன எந்நேரமும் கைகுடுத்துக்கொண்டு திரியிறான்? எலெக்சனிலை நிக்கிறானோ?"

அக்கா சிரிப்பை அடக்கக் குனிந்து சுளகிலிருந்து ஒரு மிளகாயை எடுப்பாள்.

"பட்டப்பகலிலை ஆரும் ரோச் லைற்றை நீட்டினால் மற்றவன் ஏன் கையைத் தூக்குறான்?"

"கண் கூசுதாக்கும் பெரியம்மா," என்பேன் நான்.

எனக்குக் கதையைவிடக் கதைக்குக் கீழே வாசகர் எழுதுகிற கருத்துகள்தான் பிடிக்கும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நூற்றுக்கணக்கில் இருக்கும். சிவப்பு இதயங்களை வரிசையாகப் போடுகிறவர்கள், எனக்கும் இப்படி ஒருவன் வேண்டும் என்கிறவர்கள், அடுத்த பாகம் எப்போது என்று சண்டை பிடிக்கிறவர்கள், எழுத்தாளரின் பிழைகளைத் திருத்துகிற ஒருவர். மனதுக்குள் இவர்களைப் பிரித்து வைத்திருந்தேன். பெரியம்மாவின் கருத்துகள் இவற்றில் எந்த வகையிலும் சேராதவை. இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சோதினை எப்போது என்று கேட்பார். வீட்டில் எடுத்து வைத்த சாப்பாட்டை அவள் சாப்பிட்டாளா என்று கேட்பார். அப்படியொரு வாசகரை அந்தச் செயலி கண்டிருக்காது.

ஒருநாள் அக்கா ரியூசனுக்கு வெளிக்கிடும்போது சொன்னாள்: "அடுத்த அத்தியாயத்தை நீ வாசியாதை. நான் வந்து வாசிக்கிறன்."

அக்கா முன்கூட்டியே வாசித்துவிட்டாள் என்பது விளங்கியது. கனக்கக் கைகுடுக்கிற அத்தியாயமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் போனபிறகு அத்தியாயத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தேன். முத்தம் இல்லை. துவக்கு இல்லை. மாஃபியா என்ற சொல்கூட இல்லை. விதிகளின்படி அதில் மாற்ற எதுவுமே இல்லை. "இண்டைக்குக் கதை இல்லையோ பிள்ளை?" என்று பெரியம்மா கேட்டபோது தயக்கமில்லாமல் வாசிக்கத் தொடங்கினேன். இவ்வளவு நாளும் ஒளித்து மறைத்துச் சொன்னதற்கெல்லாம் சேர்த்து, அன்றைக்கு ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன்.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வாகனம் வந்து நிற்கிறது. இரண்டு பேர் இறங்குகிறார்கள். கதாநாயகியின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவள் திரும்பிப் பார்க்கிறாள். கதவு சாத்தப்படுகிறது. அவளுடைய புத்தகப் பை தெருவில் கிடக்கிறது. அவளை எதிரிகளிடமிருந்து காப்பாற்றத்தான் அந்தப் பெடியன் ஆள் அனுப்பியிருக்கிறான். ஆனால் அது அவளுக்குத் தெரியாது. அத்தியாயம் அங்கே முடிந்தது. கீழே நான் அதுவரை பார்த்திராத அளவுக்கு இதயங்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். பெரியம்மாவின் கை மிளகாயில் இருந்தது, நுள்ளவில்லை.

"வாகனத்தின்ரை நம்பரை ஆரும் பாத்தவையோ?"

"அது எழுதேல்லைப் பெரியம்மா."

"வாசலிலை வேறை பிள்ளையள் நிண்டிருக்குங்களே?"

"நிண்டவையாம். பாத்துக்கொண்டு நிண்டவையாம்."

"பாத்தவை போய்த் தாய்க்குச் சொன்னவையோ?"

அடுத்த அத்தியாயத்தைத் திறந்தேன். அது மலையுச்சியில் ஒரு மாளிகையில் தொடங்கியது. வெள்ளைப் பட்டு விரித்த கட்டில், கடலைப் பார்த்த யன்னல்.

"தாய் எங்கை?"

"இதிலை இல்லை."

"வடிவாய்ப் பார் பிள்ளை. வேலை முடிஞ்சு விடிய வீட்டை வந்திருப்பாளெல்லோ. வந்து பாத்திருப்பாளெல்லோ."

தாய் என்ற சொல்லைக் கொடுத்து, வெளிவந்திருந்த அத்தியாயங்கள் எல்லாவற்றிலும் தேடினேன். முதல் அத்தியாயத்துக்குப் பிறகு இரண்டு இடங்களில் மட்டும் இருந்தது. ஒன்று அந்தப் பெடியனின் செத்துப்போன தாய். மற்றது யாரோ கோபத்தில் கடவுளின் தாயைக் கூப்பிட்டது. கதாநாயகியின் தாய் முதல் அத்தியாயத்தில் வேலைக்குப் போனவள்தான். அவளுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எழுதியவள் நினைக்கவேயில்லை. இதை ஒரு சுவாரசியமான கண்டுபிடிப்பாகவே பெரியம்மாவுக்குச் சொன்னேன். அவர் சுளகை அப்படியே வைத்துவிட்டு எழும்பி உள்ளே போனார். மிளகாயைக் காம்போடு விட்டுவிட்டுப் போனதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அக்கா வந்து சுளகைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அதைத்தானேயடி வாசியாதை எண்டனான்!"

"அதிலை ஒண்டுமேயில்லையே அக்கா. நான் முழுக்கப் பாத்தனான்."

அக்கா கையைத் தூக்கினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். அடியைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் அக்காவே வாசித்தாள். நான் பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாளிகை, கட்டில், யன்னல். அக்கா ஆங்கிலத்தை ஒழுங்காக வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னாள்: "அவள் உடனை தாய்க்கு ரெலிபோன் எடுக்கிறாள். அம்மா, நான் சுகமாய் இருக்கிறன், பயப்பிடாதைங்கோ, நாளைக்கு வந்திடுவன் எண்டு சொல்லுறாள்."

திரையில் அப்படி ஒரு வரியும் இல்லை. முத்தத்தைக் கைகுலுக்கலாக்குவது எனக்கு விளங்கும். இல்லாத ரெலிபோனை அக்கா ஏன் கொண்டுவருகிறாள் என்று விளங்கவில்லை. இதற்கு விதி ஒன்றும் இருக்கவில்லை.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பிள்ளை. உண்மையாய் அப்பிடிக் கிடக்கோ?"

குசினிக்குள் அம்மா அகப்பையை வைத்த சத்தம் கேட்டது.  அக்காவின் முழங்கால் என் முழங்காலை அழுத்தியது. நான் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொய் சொல்லாதைங்கோடி," என்றார் பெரியம்மா. குரலில் கோபம் இல்லை. "இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. என்ன எண்டாலும் தெரிஞ்சால் போதும்."

பிறகு, எழுதினவளிடமே கேட்கலாமா என்றார். கேட்கலாம் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். கதைக்குக் கீழே யாரும் எழுதலாம், எழுத்தாளர் வாசிப்பார், சிலவேளை மறுமொழியும் போடுவார் என்று விளக்கினேன். பெரியம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அரசாங்கக் கச்சேரியில் மனுக் கொடுக்கிறவர்போல நிமிர்ந்து இருந்தார். அவர் சொல்லச்சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன்.

"வாகன நம்பரை ஆரும் பாத்தவையோ எண்டு கேள். தாய்க்கு ஆர் சொன்னது எண்டு கேள். பேந்து, அந்தப் பெடியனுக்குச் சொல்லச் சொல்லு, அவன் நல்லவனாய் இருக்கட்டும், எனக்கு அதைப்பற்றி ஒண்டுமில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து தாயின்ரை கேற்றடியிலை விடட்டும். கேற் பூட்டியிராது எண்டும் போடு."

அமெரிக்காவிலுள்ள ஒரு வீட்டின் கேற்றைப் பற்றிப் பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன்.  அவர் சொன்னபடியே போட்டேன்.

மறுமொழிகள் வந்தன. பெரும்பாலும் சிரிக்கிற முகங்கள். அன்ரி, பயப்படாதீர்கள், அவன் அவளைக் காதலிக்கிறான் என்று ஒருத்தி. இது துப்பறியும் கதை இல்லை என்று ஒருவர். கேற் பூட்டியிராது என்ற வரிக்கு மட்டும் தனியாக ஒரு கூட்டம் சிரித்தது. எழுதியவளும் வந்தாள். 'ஐயோ, அம்மாவை நான் மறந்தே போனேன்!' என்று எழுதி, நாக்கை நீட்டுகிற ஒரு முகத்தைப் போட்டிருந்தாள்.

அக்கா இதையெல்லாம் பெரியம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்றாள். பெரியம்மா ஒவ்வொரு பின்நேரமும் கேட்டார். "மறுமொழி ஏதும் வந்ததோ?" அக்கா, இன்னும் இல்லை என்பாள். கதையை நாங்கள் மேற்கொண்டு வாசிக்கவில்லை. அவனும் அவளும் மாளிகையில் என்ன செய்தார்கள் என்பதை நான் இன்றுவரை அறியேன்.

அக்கா ரியூசனுக்குப் போன ஒருநாள், சிரித்த முகங்களுக்கெல்லாம் கீழே புதிதாக ஒன்று வந்திருந்தது. எழுதியவரின் பெயர் நீளமானது. எழுத்துக்களின் மேல் சின்னச் சின்னக் கோடுகள். எந்த நாட்டுப் பெயர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. படமும் இல்லை. ஒரே ஒரு வரி.

'என் அம்மாவும் இதையேதான் கேட்கிறா.'

விறாந்தைக்கு ஓடினேன். கடைசியில் ஒரு நல்ல மறுமொழி!

"பெரியம்மா! இன்னொரு ஆளின்ரை அம்மாவும் இந்தக் கதையை வாசிக்கிறாவாம்! உங்களை மாதிரித்தான் கேக்கிறாவாம்!"

பெரியம்மா அதுவரை அந்தப் போனைத் தொட்டதில்லை. மிளகாய்க் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். அந்த வரியைத் திரும்பத் திரும்ப என்னைக்கொண்டு வாசிப்பித்தார். ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.

"எந்த நாடாம்?"

"தெரியேல்லை."

"அவவுக்கு எழுது. நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம் எண்டு."

"ஒருக்காத்தானே பெரியம்மா கேட்டனாங்கள்?"

"நீ எழுது பிள்ளை."

எழுதினேன். போனைத் திருப்பித் தந்துவிட்டு, பெரியம்மா சுளகை மடியருகே இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் காம்பு நுள்ளுகிற சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது. நான் படியில் இருந்து, மறுமொழி வருகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா எத்தனையாம் அத்தியாயம்வரை வாசித்திருப்பா, எங்களை முந்தியிருப்பாவோ என்பதுதான் அப்போது என் யோசனையாக இருந்தது.