கொலிஜ் முடிச்சிட்டுப் போ

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்கு ஒரே பெயர்தான்: கம்பஸ். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்திலிருந்தே அப்பாவுக்கு அப்படித்தான். கொலிஜ் என்றால் அவர் படித்த பள்ளிக்கூடம். இலண்டனிலும் பதினாறு வயதுக்குப் பிறகு இரண்டு வருடம் படிக்கிற இடத்தைத்தான் கொலிஜ் என்கிறார்கள். இந்த இரண்டு சொல்லையும் அப்பா ஒருநாளும் மாற்றிப் பேசியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதினாறு வயதில் நான் கிழக்கு இலண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு கூடைப்பந்து அணியில் ஆடினேன். உயரம் ஐந்தரை அடிதான். ஆனால் பந்தோடு ஓடத் தொடங்கினால் என்னைப் பிடிக்க ஆளில்லை. ஜெர்மனியில் தனக்குத் தெரிந்த ஒரு கிளப் என்னைச் சம்பளத்துக்கு எடுக்கக்கூடும் என்று பயிற்சியாளர் சொன்னார். படிப்பை விட்டுவிட்டு இப்போதே போகிறேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றேன். அப்பா சாப்பாட்டு மேசையில் பிட்டைக் குழைத்தபடி சொன்னார்: "கொலிஜை முடி பிள்ளை. முடிச்சிட்டு எங்கையெண்டாலும் போய் விளையாடு. நான் மறிக்கமாட்டன்."

அம்மா கேட்டுக்கொண்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். சம்பல் வைத்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தார். "ஓம், நான் சாட்சி."

அந்த ஒரு வாக்கை நம்பி இரண்டு வருடம் நாயாய் உழைத்தேன். விடிய எழும்பிப் பயிற்சி, பிறகு கொலிஜ், பின்னேரம் மறுபடி பயிற்சி. பஸ்ஸில்தான் வீட்டுப்பாடம். பரீட்சை முடிவு நன்றாகவே வந்தது. அதே வாரம் ஜெர்மன் கிளப்பின் ஒப்பந்தமும் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மேசையில் வைத்தேன்.

அப்பா ஒப்பந்தத்தை முழுதாக வாசித்து நாலாக மடித்தார். முதலில் யூனிவர்சிட்டிக்குப் போ என்றார்; வழக்கமாகச் சொல்லும் கம்பஸ் அன்றைக்கு வாயில் வரவில்லை. கொலிஜ் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டேன். "அமெரிக்காவில எல்லாரும் கொலிஜுக்குப் போய்த்தான் பிறகு விளையாட்டுக்குப் போகினம். அங்க யூனிவர்சிட்டிக்குப் பேர் கொலிஜ். நான் அதைத்தான் சொன்னனான்."

அமெரிக்காவாம்! ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்திராத மனுசன், என்னை மடக்குவதற்காக யூடியூப்பில் தேடி இந்த அர்த்தத்தைப் பிடித்து வந்திருந்தார். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சாட்சி இருக்கிறாரே என்று அம்மாவைப் பார்த்தேன்.

"எனக்கு ஞாபகம் இல்லை பிள்ளை," என்றார் அம்மா. சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார்.

பதினெட்டு வயதுதானே, நீயே கையெழுத்து வைத்திருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். வைத்திருக்கலாம். ஆனால் அம்மா அப்படிச் சொன்னதும், நான்தான் பொய் சொல்கிறேனோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. கையெழுத்து வைக்கும் தைரியம் பிறகு வரவில்லை. ஒப்பந்தத்துக்குக் கொடுத்த கடைசி நாளும் கடந்து போனது.

என் இடத்துக்கு எங்கள் அணியிலிருந்தே இன்னொருத்தி போனாள். இரண்டாம் வருடம் முழங்கால் போய்த் திரும்பி வந்தாள். அப்பா இதை வெற்றிச் செய்தி போல மூன்று தடவை சொன்னார். ஆனால் அவள் இருபத்தொரு வயதில் படிக்கச் சேர்ந்தபோது, பிந்திவிட்டாய் என்று யாரும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. நான் படித்து முடித்து அதே வயதில் அதே கிளப்புக்கு எழுதினேன். மூன்று வருடத்துக்கு முன் வந்திருக்க வேண்டும் என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள்.

படித்தது வீண் என்று நான் சொல்லவில்லை. நல்ல வேலையில்தான் இருக்கிறேன். எது முதல் என்பதை நான் முடிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டமளிப்புப் படத்தைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டிய அன்று, அப்பா யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கு போன் எடுத்தார். "ஓம் அண்ணை, பிள்ளை கம்பஸ் முடிச்சிட்டாள்," என்றார். கொலிஜ் என்று சொல்லவில்லை. அவருடைய பழைய சொல் தானாக வந்தது.

அம்மா படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா சொன்னது கேட்டதா என்றேன்.

"கேட்டது," என்றார். என்னைப் பார்க்கவில்லை. "அண்டைக்கு அப்பா கொலிஜ் எண்டு சொன்னது எனக்கு அப்பவே ஞாபகம் இருந்தது பிள்ளை. நீ தூரப் போயிடுவாய் எண்டு பயந்திட்டன்."

அப்பா மீது மூன்று வருடமாகக் காத்து வைத்திருந்த கோபத்தை அன்றைக்கு எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதமே இலண்டனின் மறுபக்கத்தில், வெம்பிளியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.