சிவப்புத் துணி கட்டிய வயர்

இலங்கையின் டயகம தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயத்து வாசலில் நான் ஏறி உட்கார்ந்த ஆட்டோ கிளம்ப மறுக்கிறது. அதன் பேட்டரியை நேற்று ராத்திரி கழற்றி, சாவு வீட்டில் விளக்கெரியக் கொடுத்திருக்கிறார் ஓட்டுநர் யோகராஜ். இப்போது அவசரமாகப் பூட்டும்போது, ஒரே கறுப்பாக இருந்த இரண்டு வயர்களையும் மாற்றிப் பூட்டிவிட்டார். ஒரு பொறி பறந்தது. அத்தோடு எல்லாம் அடங்கிவிட்டது.

கருகிய ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்க்கிறார். எனக்கு ரயில் போய்விடுமே என்ற எரிச்சல்.

“இனிமே பேட்டரியக் கழட்டிக் குடுக்காதீங்கண்ணே.”

யோகராஜ் நிமிர்ந்து பார்க்கிறார்.

“எங்க மலைத் தண்ணியில கரண்டு எடுத்து நாடு பூரா குடுக்குறாங்க. இந்த லயத்துல மூணு நாளா இருட்டு. செத்த மனுசன இருட்டுல போட்டு வைக்கச் சொல்றீங்களா?”

சொல்லிக்கொண்டே வேறு ஃபியூஸைச் செருகி, வயர்களைச் சரியாகப் பூட்டுகிறார். பிறகு, கண்ணாடியில் கட்டியிருந்த கோயில் சிவப்புத் துணியை அவிழ்த்து, ப்ளஸ் வயரில் இறுக்கி முடிச்சுப் போடுகிறார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் இருமிவிட்டு உறுமுகிறது.

“இன்னைக்கி ராவும் கழட்டத்தான் போறேன்,” என்கிறார். “இனி மாறாது.”