டானிஸ்ட்ரோபியஸின் கழுத்து

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சிறிய பிரிண்டிங் பட்டறை ஒன்றை நடத்தி வந்தேன். வெட்டிய பனியன் துண்டுகளில் படம் அடித்துத் தையலுக்கு அனுப்புவது எங்கள் தொழில். பல வாரங்களாக வேலை இல்லை. அந்நிலையில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று குழந்தைகள் சட்டைக்கான படத்தை அனுப்பி, மாதிரி கேட்டது. அது தேறாவிடில் ஆட்களை நிறுத்துவதைத் தவிர எனக்கு வேறு வழியிருக்கவில்லை.

படத்தில் இருந்தது டானிஸ்ட்ரோபியஸ். டைனோசர்கள் பெருகுவதற்கு முன் வாழ்ந்து, இன்று கல்லில் பதிந்த எலும்புகளாக மட்டுமே கிடைக்கும் ஊர்வன இனம். மூக்கு முதல் வால்வரை அளந்தால் ஏறத்தாழப் பாதி கழுத்தே.

பனியன் துணி அகலவாட்டில் இழுபடுமாதலால் படத்தைச் சற்றே ஒடுக்கி அடிப்பது எங்கள் பட்டறையின் பிரிண்டிங் மாஸ்டரின் வழக்கம். கம்ப்யூட்டரில் யாரோ படத்தை இழுத்துவிட்டதாகத் தீர்மானித்து, இம்முறை அவர் கழுத்தில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டார். துண்டில் விழுந்தது கொழுத்த உடும்பு.

கம்பெனியிலிருந்து மாதிரி பார்க்க வந்த இளம்பெண் அதைக் கையில் எடுத்தார்.

“ஏனுங்க, கழுத்து எங்கீங்க போச்சு?”

“சரி பண்ணீட்டனுங்க அம்மிணி,” என்றார் மாஸ்டர். “அத்தாச்சோடு நீளக் கழுத்த வெச்சுட்டு எந்தப் பிராணிங்க நடக்கும்?”

“நடந்துச்சோ நீந்துச்சோ, எலும்பப் பாத்துத்தானுங்க வரைஞ்சிருக்காங்க. கழுத்து இல்லீன்னா ஆர்டரும் இல்லீங்க.”

மாஸ்டர் முழுக் கழுத்துடன் படம் அடிக்கப் புதிய ஸ்கிரீன் எடுத்தார். அப்போது மிகச் சிறிய அளவுச் சட்டைக்கான துண்டில் பிராணியின் தலை, பக்கவாட்டுத் தையல் வரும் இடத்துக்குள் போனது. கழுத்தை வளைக்கலாமா என்று நான் வினவினேன். நீளமான சில எலும்புகளே கோத்த கழுத்து, அவ்வளவு வளையாதாம் என்று அப்பெண் கம்பெனியில் கேட்டுச் சொன்னார்.

துண்டைக் கோணலாக வைத்து அடிப்பவனுக்குத் தொழில் தெரியாது என்பது எங்கள் பட்டறைகளின் எண்ணம். மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு, துண்டை மேசையில் சாய்த்துப் போட்டு அடித்தார். வால் கீழோரத்தில் தொடங்க, கழுத்து நெஞ்சின் குறுக்கே ஏற, தலை தோளருகே முழுதாக நின்றது.

“உங்க உடும்பு மரமேறுதுங்ணா,” என்று சிரித்தபடி அப்பெண் போட்டோ எடுத்தார்.

மறுநாள் பதில் வந்தது. மாதிரி தேறிற்று, எல்லா அளவுகளிலும் அவ்வாறே சாய்த்து அடிக்க வேண்டுமாம்.

“ஊரே சிரிக்கப் போகுதுங்க,” என்று முணுமுணுத்துக்கொண்டே மாஸ்டர், துண்டுகளை நேராக வைப்பதற்காக மேசைகளில் ஒட்டியிருந்த அடையாள நாடாக்களை உரித்தெடுத்தார். ஆட்கள் சிரிக்கத்தான் செய்தனர். சிரித்துவிட்டுச் சாயம் கலக்கத் தொடங்கினர்.