எடை மேடைக்காரர்

என் அப்பா சாலமோன் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு மில்லின் எடை மேடைக்காரர். பழைய இரும்பு ஏற்றிவரும் லாரிகளை நிறுத்துச் சீட்டு எழுதுவது அவர் வேலை. எடையைக் கூட்ட அடியில் கருங்கல்லை ஒளித்துக் கொண்டுவருவார்கள். அப்பா லாரியை ஒரு சுற்றுச் சுற்றி, டயர் நசுங்கியிருப்பதைப் பார்ப்பார். "அடியில குந்திகினு இருக்கற சாமிய எறக்குப்பா" என்பார். கல் வெளியே வரும்.

அதற்குமுன் அவர் வயல் கூலி. உள்ளே அடிக்கட்டை தடித்த மரக்காலில் பண்ணைக்காரர்கள் கூலிநெல்லை அளந்து ஏமாற்றியதைப் பத்து வயதிலிருந்து பார்த்தவர். "எனக்கு மேல தராசு முள்ளு, அதுக்கு மேல கர்த்தரு. நடுவுல எவனும் கெடையாது" என்பார். அப்படிப்பட்டவர் செய்த காரியம் இது.

1977இல் அவர் கழுத்தில் கட்டி வந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் புற்று என்றார்கள். நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "கடுமையான மருந்தம்மா. உடம்பு எடையைக் கணக்கிட்டுத்தான் அளவு போடுவோம். முப்பத்தேழு கிலோதான் இருக்கிறார். மூன்று வாரத்தில் நாற்பதாக்கிக் கூட்டி வாருங்கள்."

நான் வீட்டுக்கு எடுத்துவந்தது நாற்பது என்ற எண்ணை மட்டும்தான்.

நான் டீச்சராக இருந்த பள்ளிக்கு லீவு போட்டேன். முட்டை, ஆட்டு ஈரல், கேழ்வரகுக் கஞ்சி என்று இரண்டு மணிக்கொரு தரம் நீட்டினேன். அவர் வாயில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

"இன்னா நைனா, பொம்மையாட்டம் பாத்துகினு இருக்க? முழுங்கு."

"எறங்க மாட்டேங்குதும்மா."

"எறங்கலன்னா சாவு. எனக்கு இன்னா வந்துது?"

சொன்னேன். இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

மில்லில் அவரோடு வேலை செய்த தணிகாசலம் மாமா தினமும் சாயங்காலம் பார்க்க வருவார். ஒருநாள் அவர் சட்டைப் பையிலிருந்து அவித்த முட்டை உருண்டு விழுந்தது. எத்தனை நாளாக நடந்ததோ! மாமாவை வாசலில் நிறுத்தி வைத்தேன். "உங்க வயித்துக்கா நான் ஆக்கிப் போடறேன்?" தெருவே கேட்டது. அப்பா தலையைத் தூக்கவில்லை.

குறித்த நாளில் காலை ரயிலில் போனோம். அப்பா காலை அகட்டி அகட்டி நடந்தார். கேட்டதற்கு மூட்டுவலி என்றார். ஆஸ்பத்திரி எடை மேடையில் ஏறி நின்று, முள்ளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். நாற்பதரைக் கிலோ. நான் அழுதுவிட்டேன். டாக்டர் மருந்தின் அளவை எழுதினார்.

படுக்கையில் நர்ஸ் அவர் இடுப்பிலிருந்த, பை வைத்த பச்சை பெல்ட்டைக் கழற்றச் சொன்னாள். மாட்டேன் என்று அடம்பிடித்தார். அவளே பட்டனை இழுத்தாள். பெல்ட் தரையில் 'தொம்' என்று விழுந்தது. நட்டு, போல்ட்டு, அறுத்த கம்பித் துண்டுகள். வேட்டிக்குள் போட்டிருந்த பட்டாப்பட்டி டிராயர் பைகளில் இன்னும் கொஞ்சம். மில் இரும்பு. கொண்டுவந்து கொடுத்தவர் தணிகாசலம் மாமா.

"எழுதிய அளவை ஏற்றியிருந்தால் நீங்களே இவரைக் கொன்றிருப்பீர்கள்" என்று டாக்டர் என்னிடம்தான் கத்தினார்.

நான் அப்பாவிடம் கத்தினேன். "ஊர்த் திருடனயெல்லாம் புடிச்சியே நைனா, வெக்கமா இல்ல? சாவுக்கு அவ்ளோ பயமா?"

"சாவுக்கு இன்னாம்மா பயம்? ஒன் வாயிக்குதான் பயந்துகினு செஞ்சேன்."

வார்டே எங்களைப் பார்த்தது. கீழே குனிந்து போல்ட்டுகளைப் பொறுக்கியபடி, எடைக்கேற்றபடிதான் மருந்தை அளப்பார்கள் என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். லாரிக்காரனுக்குக்கூட ஒரு நிமிடத்தில் புரிய வைத்திருக்கலாம். அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"அடிப்பாவி! இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எடையில கைவெப்பனா நானு?"

எழுந்தார். வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பட்டாப்பட்டியோடு எடை மேடையில் ஏறினார். இந்த முறை முள்ளையே பார்த்தார். முப்பத்தாறரை. "இதாங்க டாக்டர் சரியான எடை. இதுக்கு எவ்ளோவோ, அவ்ளோ போடுங்க."

டாக்டர் அன்றைக்கு மறுத்துவிட்டார். அங்கேயே பத்து நாள் வைத்துக் குழாய் வழியாகப் பால் கொடுத்தார்கள். பிறகு குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். அதன்பின் அப்பா பதினான்கு மாதம் இருந்தார்.

ஒவ்வொரு முறையும் மருந்து ஏற்றுவதற்குமுன், வார்டு முழுக்கப் பார்க்க, பட்டாப்பட்டியின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டுவார். "பாத்துக்கோ டீச்சரம்மா, காலி." நர்சுகள் சிரிப்பார்கள். எனக்கு ஒருமுறைகூடச் சிரிப்பு வரவில்லை. "உட்காரு நைனா" என்று அதட்டுவேன். உடனே உட்கார்ந்துவிடுவார்.