குச்சிக்கிழங்கு என்றே கூவினோம்

என் கையெழுத்து கோணல். நாலாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். என் வீட்டு வாசலில் ஒரு முழக் குச்சி ஊன்றியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவின் குரல் கேட்கிறது.

அப்போது உலகச் சண்டைக் காலம். அரிசி அளந்துதான் கிடைத்தது. துறையூர்ப் பக்கம் எங்கள் காட்டில் விளைந்த குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்து, சித்திரை வீதி முனையில் ஒரு மளிகைக் கடையின் நிழலில் அக்கா விற்றாள். புருஷனை இழந்தவள், அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதுதான் சோறு. நான் வண்டி ஓட்டுவேன், மூட்டை இறக்குவேன். முப்பது வயதை நெருங்கியும் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம்.

வாங்குகிறவர்களுக்கும் கூச்சம்தான். இல்லாதவர்கள் தின்னும் கிழங்கு என்று முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போவார்கள். ஒருநாள் கடை முதலாளி சொன்னார்: “ஏம்மா, குச்சி குச்சின்னு கத்தாதே. பெரிய மனுஷங்க வர்ற எடம். அதையே ஏழிலைக் கிழங்குன்னு சொல்லு, கௌரவமா இருக்கும்.”

“எல்லா எலையும் ஏழா பிரியாதுங்க மொதலாளி, அஞ்சா பிரியறதும் இருக்கு. இதுக்கு வெதை போடல. குச்சிய ஒடிச்சு ஊனினோம், பத்து மாசம் காத்துக் கெடந்தோம். அதான் பேரு. அதுல என்ன கொறை?”

“அப்ப வேற எடம் பாத்துக்க.”

மறுநாள் எதிர்ப்புற வெயிலில் சாக்கை விரித்தோம். உச்சிவேளை வரை ஒரு கிழங்கும் விற்கவில்லை. அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. “நீ கூவு தம்பி” என்றாள். நான் கூச்சத்தில் “ஏழிலைக் கிழங்கு” என்று முணுமுணுத்தேன். உடனே ஒரு மாமி வந்து, “ஏழிலைக் கிழங்கு ரெண்டு வீசை குடுப்பா” என்றார்.

அக்கா கட்டிய தொண்டையோடு, “அது எங்ககிட்ட இல்லீங்க. குச்சிக்கிழங்குதான் இருக்கு” என்றாள். மாமி போய்விட்டார்.

வண்டியில் கிடந்த நடவுக் குச்சி ஒன்றை எடுத்துக் குவியலின் நடுவே செருகிவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். “நட்டவனே வெக்கப்பட்டா திங்கறவங்க என்னடா பண்ணுவாங்க?”

எழுந்து நின்று “குச்சிக்கிழங்கு!” என்று கூவினேன். முதலாளி கடையை விட்டு வெளியே வந்தார். இன்னும் உரக்கக் கூவினேன். பாதித் தெரு போயிருந்த மாமி திரும்பி வந்து, “ஊரையே கூட்டறயே. அந்தக் குச்சிக்கிழங்கையே போடுப்பா” என்றார். மறைக்காமல் கூடையில் போட்டுக்கொண்டு போனார்.

நிழல் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. சண்டை முடியும்வரை வெயிலிலேயே விற்றோம். பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை.

அக்கா இப்போது இல்லை. வாசல் குச்சி துளிர்த்திருக்கிறது. இலை எத்தனையாகப் பிரிந்திருக்கிறது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. இது என்ன என்று கேட்கிறவர்களிடம் குச்சிக்கிழங்கு என்கிறேன், தெருவுக்கே கேட்கும்படி.

ஐப்பசி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை.