தெய்வநாயகியின் தார்ப்பாய்

மரக்காணம் உப்பளத்தில் முப்பது பெண்களைக் கட்டி மேய்த்த மேஸ்திரி தெய்வநாயகி. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் கத்துவார்கள். இவள் வாயை இறுக மூடிக்கொள்வாள். அந்த ரோஷம்தான் இந்த முறை அவளைக் கெடுத்தது.

செவ்வாய்க்கிழமை காலை சென்னையிலிருந்து லிக்விடேட்டர் தேவநாதன் வந்து இறங்கினார். உப்புக் கம்பெனி நொடித்துப்போய், அதை இழுத்து மூடச் சொல்லித் தீர்ப்பாயம் அனுப்பிய ஆள். புது முதலாளி என்று நினைத்துப் பெண்கள் கும்பிட்டார்கள். மனிதர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"நான் முதலாளி இல்லைம்மா. செத்துப்போனவர் வீட்டு சாமானை எல்லாம் பொறுப்பா ஒருத்தர் எடுத்து, வித்து, யாருக்கு என்ன தரணுமோ தந்துட்டு கதவைச் சாத்துவாரில்ல, அந்த வேலைதான் எனக்கு. அதோ அந்த உப்பு அம்பாரம் வித்தாத்தான் உங்க ஆறு மாசக் கூலி. அதுவரைக்கும் இங்க ஒரு துரும்பைக்கூட யாரும் தொடக்கூடாது."

"அப்ப எங்க வேலை?" என்று கேட்டாள் தெய்வநாயகி.

"ஆர்டர் வந்த அன்னிக்கே முடிஞ்சுதும்மா."

இருபத்தாறு வருஷத்தை இப்படி ஒரே வரியில் முடித்துவிட்டார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் ஆபீசுக்கும் மோட்டார் கொட்டகைக்கும் குடோனுக்கும் பூட்டுப் போட்டு அரக்கு சீல் வைத்தார். அம்பாரத்தை மூடும் தார்ப்பாய்கள் அந்தக் குடோனுக்குள்தான் இருந்தன. மண்டையைப் பிளக்கிற வெயிலில் அவருக்கு மழை ஞாபகம் எப்படி வரும்? அவளுக்கு வந்தது. கேட்டால் சொல்லலாம் என்று நின்றாள். அவர் கேட்கவில்லை, கார் ஏறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடல் பக்கம் வானம் கறுத்தது. வேலை போனாலும் கூலியாவது அந்த அம்பாரத்தில் இருந்தது. தேவநாதனுக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். போட்டுக்கொண்டே அளத்துக்கு ஓடினாள். காவலுக்கு வைக்கப்பட்டிருந்த தனக்கோடி குடோன் கதவை மறித்து நின்றான்.

"சீலுல கை வச்சா ரெண்டு பேரும் உள்ள போவணும்க்கா."

"உப்பு கரைஞ்சிட்டா இன்னாடா பண்ணுவ?"

"அது மழை பண்ணதுன்னு எழுதிப்பாங்க. இது நாம பண்ணதுன்னு தான எழுதுவாங்க."

ஒரு கல் போதும். அவள் எடுத்தும்விட்டாள். அதற்குள் முதல் துளி கையில் விழுந்தது. கல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அவள் வீட்டு ஓடு போன புயலில் பறந்து, நிவாரணத்தில் கொடுத்த தார்ப்பாய்தான் அன்றிலிருந்து கூரை. அவள் மேலே ஏறிக் கயிற்றை அறுப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜான்சி பதறினாள்.

"அக்கா, உனக்கு இன்னா பைத்தியமா?"

"ஆறு மாசக் கூலி வேணுமா வேணாவா?"

ஜான்சி மறுபேச்சில்லாமல் தன் வீட்டின் மேல் ஏறினாள். ஆறு வீட்டுக் கூரைத் தார்ப்பாய் அளத்துக்கு வந்து சேர்ந்தது. காற்று பிடுங்கப் பிடுங்க இழுத்துக் கட்டினார்கள். ஒரு ஓரம் கரைந்தது. மிச்சம் நின்றது.

தீர்ப்பாயத்தில் விசாரணை முடிந்து போனைத் திறந்து, அவள் கூப்பிட்டிருந்ததைப் பார்த்த தேவநாதன் அடித்துப் பிடித்துச் சாயங்காலம் வந்து சேர்ந்தார். மூடிக் கிடந்த அம்பாரத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. தன் சீலைத் தானே உடைத்துக் குடோனைத் திறந்தார். ஆனால் கொட்டுகிற மழையில் அவர்கள் கட்டியதை எடுத்துக் கம்பெனித் தார்ப்பாயைப் போட முடியாது. குடைக்குள் நின்றபடி கம்பெனிச் சொத்துப் பட்டியலை எடுத்து எழுதினார்: அம்பாரத்தின் மேல் தார்ப்பாய், ஆறு.

"சார், அது எங்களுது."

"இந்த இடத்துல இருக்கிற எல்லாத்தையும் எழுதித்தான் ஆகணும்மா. உங்களுதுன்னா பில்லு வச்சு க்ளைம் குடுங்க. பார்த்துத் திருப்பித் தந்துடுவேன்."

நிவாரணச் சாமானுக்கு யார் பில் கொடுத்தார்கள்? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன அவளுக்கு. அடக்கிக்கொண்டாள்.

"அத்தாட்சி வீட்ல இருக்குது சார். வாங்க."

பின்னாலேயே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார், பழக்கத்தில் குடையை மடக்கினார், குனிந்து உள்ளே போனார். மழை நேராக அவர் தலையில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். நாலு மூங்கில், அதற்கு மேல் வானம். அவள் மகள் ஜெயப்ரியா அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்து, அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள்.

தேவநாதன் குடையை விரித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். நனைந்த பட்டியலில் பேனாவை வைத்தார்.

"போதும்மா. அடிச்சுடறேன்."

"எப்படி சார் போதும்? ஆறுன்னு எழுதினீங்க. இன்னும் அஞ்சு வீடு இருக்குது, வாங்க."