மாட்டுக்கு லீவு

நேற்று எங்கள் வீட்டுச் சன்னல்களுக்குச் சிவப்பு வர்ணம் அடித்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும், ஐரோப்பாவில் போர் மூளுவதற்கு முந்தைய ஒரு தை மாதத்து மாட்டுப்பொங்கல் நினைவுக்கு வந்தது.

சிராங்கூன் சாலையை ஒட்டிய கொட்டிலில், அப்பா எங்கள் இரண்டு மாடுகளின் கொம்புகளுக்கும் வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். எனக்கும் தங்கைக்கும் விடுமுறை என்றால் கரும்பு. பெரியப்பாவுக்குப் பகல் தூக்கம். அப்பாவுக்கோ, மாடுகள் படுத்து அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

சாலை போடும் கம்பெனியின் கங்காணி வந்து நின்றார்.

"என்னய்யா, இன்னும் வண்டி பூட்டலியா? இன்னிக்கு லீவு இல்லன்னு துரை சொல்லிட்டாரு. கல்லு ஏத்த வரலேன்னா நாளையிலேருந்து வேற வண்டிதான்."

"எனக்கு லீவு வேணாங்க. மாட்டுக்குத்தான் லீவு."

"மாடில்லாம வண்டி எப்படிய்யா வரும்?"

அப்பா நுகத்தின் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்து மறுபக்கம் பிடித்தார். வண்டி சாலையில் இறங்கியதும் கடைக்காரர்கள் வெளியே வந்து சிரித்தார்கள்.

"துரை பாத்தா மானம் போயிடும்யா! எறக்கு, எறக்கு! நாளைக்கு வா," என்று கங்காணி பதறினார்.

"நாளைக்கு மாடும் வருங்க," என்றார் அப்பா.

ஆபீசில் பொங்கலுக்கு லீவு கேட்கத் தயங்கும் என் மகனிடம் இதைச் சொன்னேன்.

"இந்தக் காலத்துல இதெல்லாம் நடக்காதுப்பா," என்கிறான்.

அந்தக் காலத்திலும் நடக்கிற காரியமல்ல. அப்பா நடத்திக் காட்டினார்.